நுரை வந்தது, அப்புறம்?

கேள்வி: தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 34 குழந்தைகள். வாரத்தில் ஒரு பீரியட், 40 நிமிடம், செய்முறைக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். எரிமலை, எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிப் பாத்திரத்தால் மூடுவது, மிதப்பவை மூழ்குபவை எல்லாம் செய்துவிட்டோம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் மறுநாள், "நேற்று என்ன தெரிந்துகொண்டோம்?" என்று கேட்டால், "நுரை வந்துச்சு மிஸ்" என்பதோடு நின்றுவிடுகிறது. வீட்டில் செய்துவரச் சொன்னால் பெற்றோர் செய்து அனுப்புகிறார்கள். சத்தமும் குப்பையும் அதிகம் என்று தலைமையாசிரியர் வருத்தப்படுகிறார். ஒரு குழந்தை எதையும் தொடமாட்டேன் என்று தள்ளியே நிற்கிறாள். இந்த நேரத்தில் பாடத்தையே நடத்தியிருக்கலாமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

தொடருங்கள். ஆனால் எண்ணிக்கையைக் குறையுங்கள். வாரத்துக்கு ஒரு புதுச் சோதனை என்ற கணக்கை விட்டுவிட்டு, ஒரே சோதனையை இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் தொடக்க வகுப்புகளில் இருந்துவிட்டு, இப்போது ஆசிரியர்களுக்குச் செய்முறைப் பயிற்சி கொடுத்துவருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே வருத்தத்தை எல்லாப் பயிற்சிகளிலும் யாராவது ஒருவர் சொல்கிறார். நான் வகுப்பெடுத்த முதல் சில வருடங்களில் எனக்கும் அந்த வருத்தம் இருந்தது.

"நுரை வந்துச்சு மிஸ்" என்ற பதிலில் குழந்தையின் பிழை ஒன்றுமில்லை. பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கிறது. அந்தச் சோதனையில் பார்ப்பதற்கு நுரையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஊற்றுவதற்கு முன்னால் அதன் மனசில் ஒரு கேள்வி இருந்திருந்தால், ஊற்றிய பிறகு பதில் என்று ஒன்று கிடைத்திருக்கும். ஆகவே நான் சொல்லப்போவது இரண்டே இரண்டு. தொடங்குவதற்கு முன், என்ன நடக்கும் என்று தான் நினைப்பதை ஒவ்வொரு குழந்தையும் தன் நோட்டில் எழுதிவிட வேண்டும். ஒருமுறை செய்த பிறகு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். மீதியெல்லாம் இந்த இரண்டுக்கும் இடம் பண்ணிக்கொடுப்பதுதான்.

எரிமலையையே எடுத்துக்கொள்வோம். களிமண் மலை, நடுவில் டம்ளர், அதில் சமையல் சோடா, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். பொங்கி வழிகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதில் எரிமலையைப் பற்றி ஏதும் இல்லை என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நிஜ எரிமலையில் பாறைக்குழம்புக்குள் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, வாயு குமிழ் குமிழாகப் பிரிந்து குழம்பை வெளியே தள்ளுகிறது. நம் டம்ளரிலோ ஓர் அமிலமும் சோடாவும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. இரண்டிலும் வாயுதான் தள்ளுகிறது என்ற அளவுக்கு ஒற்றுமை உண்டு, அதற்கு மேல் இல்லை. "எரிமலை இப்படித்தான் வெடிக்கிறது" என்று சொல்லிக்கொடுத்தால், பெரிய வகுப்பில் வேறொரு ஆசிரியர் அதை அழித்துவிட்டு எழுத வேண்டியிருக்கும்.

மலையை எடுத்துவிடுங்கள். ஒரே அளவுள்ள நான்கு சிறு பாட்டில்கள், நான்கு பலூன்கள் போதும். கடையில் கிடைக்கும் சாதாரண 5 சதவீத வினிகர் ஒவ்வொரு பாட்டிலிலும் 50 மில்லி. பலூன்களுக்குள் சோடா: ஒன்றில் கால் டீஸ்பூன், அடுத்ததில் அரை, அடுத்ததில் ஒன்று, கடைசியில் இரண்டு. பலூனின் வாயைப் பாட்டிலின் கழுத்தில் மாட்டி, சோடா உள்ளே விழாதபடி தொங்கவிடுங்கள். இப்போது நிறுத்துங்கள். நான்காவது பலூன் மூன்றாவதைவிட எவ்வளவு பெரியதாக ஊதும் என்று எழுதச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் "ரெண்டு மடங்கு" என்றுதான் எழுதுவார்கள்.

தூக்கிக் கொட்டியதும், கால் ஸ்பூனுக்கும் அரை ஸ்பூனுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். ஒன்றும் இரண்டும் மட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றுவிடும். நூலைச் சுற்றி அளந்து பார்த்தாலும் அதேதான். வகுப்பு அமைதியாகிவிடும் பாருங்கள், அந்த அமைதிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். யாராவது ஒரு பிள்ளை "சோடா கெட்டுப்போச்சு" என்று சொல்லும், இன்னொன்று "பலூன்ல ஓட்டை" என்று சொல்லும். மறுக்காதீர்கள். "எப்படிச் சோதிச்சுப் பார்க்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். பலூன்களைக் கழற்றிவிட்டு நான்கிலும் கொஞ்சம் புது வினிகர் ஊற்றினால், இரண்டு ஸ்பூன் போட்ட பாட்டில் மறுபடியும் நுரைக்கும். கால், அரை ஸ்பூன் போட்டவை சும்மா கிடக்கும். தீர்ந்துபோனது எது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 50 மில்லி வினிகருக்கு மூன்றரை கிராம் சோடாவே போதும். அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. இந்தக் கணக்கு உங்களுக்காகச் சொன்னது. பிள்ளைகளுக்கு "ஒன்று தீர்ந்துவிட்டால் இன்னொன்று எவ்வளவு இருந்தாலும் பயனில்லை" என்பது கிடைத்தால் நான்காம் வகுப்புக்கு அது பெரிய விஷயம்.

மெழுகுவர்த்திச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது" என்ற விளக்கத்தை நாம் எல்லோரும் கேட்டுத்தான் வளர்ந்தோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்னாலேயே சுடர் அணைந்துவிடுகிறது. எரியும்போது செலவான ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வந்துவிடுகின்றன. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் சூடு. சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் டம்ளருக்கு வெளியே போய்விடுகிறது. அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் உள்ளே போகிறது.

இதைப் பிள்ளைகளின் கண்ணாலேயே பிடிக்கலாம். "தண்ணீர் எப்போ ஏறுது, எரியும்போதா அணைந்த பிறகா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தண்ணீரில் பெரும்பகுதி சுடர் அணையும் தறுவாயிலும் அணைந்த பிறகும்தான் மேலே போகும். டம்ளரை வைக்கும் நேரத்தில் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் குமிழ்கள் வெளியேறுவதும் தெரியும். அடுத்த வாரம் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வையுங்கள், தண்ணீர் இன்னும் அதிகம் ஏறும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதானே, பிறகு ஏன் அதிகம் ஏறியது? பழைய விளக்கத்தைப் பிள்ளைகளே தள்ளிவிடுவார்கள்.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-ல் தொடங்கின. 1860 கடைசியில் மைக்கேல் ஃபாரடே அங்கே ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் பொருளாக வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள் செய்தார். ஒரு மெழுகுவர்த்திக்குள் ஆறு சொற்பொழிவுக்குச் சரக்கு இருக்கிறது என்றால், நாம் அதை ஒரே பீரியடில் முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டிய அவசியம் என்ன? அவர் காட்டியவற்றில் ஒன்றை நீங்களும் செய்து காட்டலாம். சுடரை மெதுவாக ஊதி அணையுங்கள், திரியிலிருந்து வெள்ளைப் புகை ஒரு கோடாக எழும். எரியும் தீக்குச்சியைத் திரிக்குச் சற்று மேலே அந்தப் புகையில் மட்டும் காட்டினால், நெருப்பு புகை வழியே கீழே தாவித் திரியைப் பற்றும். எரிவது திரியா, மெழுகா, மெழுகின் ஆவியா என்ற பேச்சு அதன்பிறகு தானாக வரும். இதைச் செய்வது நீங்கள் மட்டும்தான், பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும்.

இனி, நான் உங்களைத் தொடங்கச் சொல்லும் இடம் ஊசல். நூல், இரும்பு நட்டு, நொடி முள் உள்ள கடிகாரம், வேறொன்றும் தேவையில்லை. நெருப்பு இல்லை, சிந்துவதற்கு எதுவும் இல்லை.

மேஜை விளிம்பில் ஒரு பென்சிலை நீட்டி ஒட்டி, அதிலிருந்து நட்டைத் தொங்கவிடுங்கள். கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடு வரை 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சிறிதாக இழுத்துவிட்டு, 15 நொடியில் எத்தனை முறை போய்த் திரும்புகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 15 வரும். ஒரு குழுவுக்கு 14 என்றும் இன்னொன்றுக்கு 16 என்றும் வந்தால் நல்லது. "ஏன் வேறு வேறாக வந்தது?" என்பதே அன்றைய முதல் விவாதம். விடும்போது ஒன்று என்று எண்ணிய பிள்ளை இருக்கும், கடிகாரத்தைப் பார்த்த பிள்ளை "ஸ்டார்ட்" சொல்லத் தாமதித்திருக்கும். அளப்பதில் கவனம் வேண்டும் என்று பத்து முறை சொல்வதைவிட இது ஒருமுறை நடப்பது மேல்.

பிறகு கேளுங்கள்: இன்னொரு நட்டையும் சேர்த்தால் வேகமாகுமா, மெதுவாகுமா? எழுதட்டும். கனமானது வேகமாக ஆடும் என்று பெரும்பாலானவர்கள் எழுதுவார்கள். இதில் ஒரு நுணுக்கம்: இரண்டாவது நட்டை முதல் நட்டுக்குக் கீழே கோத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஊசலின் நீளமும் மாறிவிடும், இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றியதாகிவிடும். இரண்டு நட்டும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி கட்டுங்கள். எண்ணினால் மறுபடியும் 15. பிள்ளைகள் நம்பமாட்டார்கள், திரும்பத் திரும்ப எண்ணுவார்கள். மூன்று நட்டு, நான்கு நட்டு என்று அவர்களே ஏற்றிப் பார்ப்பார்கள். நீங்கள் "மறுபடி செய்யுங்கள்" என்று சொல்லாமலே மறுபடி செய்கிறார்கள் இல்லையா, அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் சொல்ல உதவும்.

அடுத்த வாரம் நீளம். "எண்ணிக்கை பாதியாக வேண்டுமானால் நூல் எவ்வளவு நீளம் வேண்டும்?" 50 சென்டிமீட்டர் என்பார்கள். கட்டி எண்ணினால் 10, 11 வரும். 75-ம் போதாது. 1 மீட்டருக்குப் போனால்தான் ஏழரை வரும். ஏன் நான்கு மடங்கு என்பதை இந்த வயதில் விளக்க வேண்டியதில்லை, விளக்கினாலும் தங்காது. தான் நினைத்தது 50, நடந்தது 100 என்பது நோட்டில் இருந்தால் போதும். கலிலியோ 1602-ல் எழுதிய கடிதம் ஒன்றில், ஊசலைப் பெரிதாக இழுத்துவிட்டாலும் சிறிதாக விட்டாலும் ஒரே நேரம்தான் எடுக்கும் என்று வாதாடினார். சிறு வீச்சுக்கு அது சரி. பெரிய வீச்சில் நேரம் சற்றுக் கூடும். 1656-ல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய ஹைகன்ஸ், அந்தச் சிறு பிழையைச் சரிக்கட்டப் பல வருடம் உழைத்தார். கதையாகச் சொல்லுங்கள், நான்காம் வகுப்பு இதை ஆர்வமாகக் கேட்கும்.

கைவேலையும் அறிவியலும் ஒன்றாகச் சேரும் இடமும் இந்த ஊசலிலேயே இருக்கிறது. கெட்டியான தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் பென்சில் நுழையும் அளவு ஓட்டை வெட்டி, மூன்று நூலில் தொங்கவிடுங்கள். உலர்ந்த நைசான மணலை நிரப்பி, கீழே கறுப்பு சார்ட் விரித்து, ஆட்டிவிடுங்கள். நேராக விட்டால் கோடு, பக்கவாட்டில் ஒரு தள்ளு கொடுத்தால் முட்டை வடிவம், அது சுற்றச் சுற்றச் சிறுத்துக்கொண்டே போகும். பிள்ளைகள் வெவ்வேறு வண்ண மணலில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்துகொண்டே இருப்பார்கள். விடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

ஒருமுறை என் வகுப்பில் இதைச் செய்தபோது, ஒரு சிறுமி தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து மணல் கோட்டைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள். சீருடை அழுக்காகிறதே என்று எழுப்பப் போனேன். "மிஸ், ரெண்டு ஓரத்துலயும் மேடா இருக்கு, நடுவுல பள்ளமா இருக்கு" என்றாள். நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். அதுவரை எத்தனையோ முறை செய்திருக்கிறேன், மேலேயிருந்து மட்டும் பார்த்ததால் எனக்குத் தெரிந்ததில்லை. ஏன் அப்படி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூம்பையே பார்த்துவிட்டு, "அங்க போய் நின்னு திரும்புது. நிக்கும்போது நிறைய கொட்டுது" என்றாள். ஊசல் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகிறது என்பதை அவள் மணலின் உயரத்தில் படித்துவிட்டாள். அன்று திட்டமிட்டிருந்த எதையும் நான் நடத்தவில்லை. 40 நிமிடமும் எல்லோரும் தரையில் படுத்து மணலைப் பார்த்தோம்.

படம் வரைவதை அலங்காரமாக வைத்துக்கொள்ளாமல் பார்ப்பதற்கான கருவியாகக் கொடுங்கள். கண்ணாடி டம்ளருக்குள் ஈரத்தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பயறு விதை ஒன்றைச் செருகி வைத்தால், சில நாட்களில் வேர் இறங்குவது வெளியிலிருந்தே தெரியும். வேர் ஒரு அங்குலம் வந்ததும் டம்ளரைப் படுக்க வையுங்கள். ஓரிரு நாளில் வேர் வளைந்து மறுபடியும் கீழ் நோக்கித் திரும்பும். தினமும் ஐந்து நிமிடம், தேதி போட்டு, இருப்பதை மட்டும் வரைய வேண்டும். முதல் நாள் படத்தில் சிரிக்கும் சூரியனும் பூத்த செடியும் இருக்கும். அழிக்கச் சொல்லாதீர்கள். "இந்தப் பூ டம்ளரில் எங்கே இருக்கு, காட்டு" என்று மட்டும் கேளுங்கள். நான்காவது நாள் வேரின் மேலிருக்கும் மெல்லிய ரோமத்தைக்கூட வரைந்துவிடுவார்கள். கறுப்பு ஸ்கெட்ச் பேனாப் புள்ளியை வடிதாளில் வைத்து நுனியைத் தண்ணீரில் தொட்டால் நிறங்கள் பிரியும் சோதனையும் இப்படித்தான். அதில் வண்ணத்துப்பூச்சி செய்வது அழகுதான், செய்யட்டும். ஆனால் அதற்கு முன், மூன்று வேறு கம்பெனி கறுப்புப் பேனாக்களைக் கொடுத்து, "நான் எழுதிய இந்தச் சீட்டு எந்தப் பேனாவில் எழுதியது, கண்டுபிடியுங்கள்" என்று ஒரு துப்பறியும் வேலையாகத் தொடங்கினால் நிறங்கள் பிரிவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். தண்ணீரில் கரையும் மை உள்ள பேனாவாகப் பார்த்து வாங்குங்கள்.

பெற்றோர் செய்து அனுப்புவதைப் பற்றி. அவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அழகாக இருப்பதற்குத்தான் நாம் பரிசு கொடுக்கிறோம், அதனால் அழகாகச் செய்து அனுப்புகிறார்கள். வீட்டு மாடலை நிறுத்திவிடுங்கள். காலி அட்டைப்பெட்டி, மூடி, நூல்கண்டு, பாட்டில், பழைய செய்தித்தாள் என்று தூக்கிப்போடும் சாமான்களை மட்டும் அனுப்பச் சொல்லி வகுப்பில் ஒரு பெரிய பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். செய்வது முழுக்க வகுப்பிலேயே நடக்கட்டும். கண்காட்சி என்று வந்தால் மாடலுக்குப் பக்கத்தில் பிள்ளையின் நோட்டும் திறந்திருக்க வேண்டும், தப்பான ஊகம் எழுதிய பக்கம் உட்பட. பார்க்க வரும் பெற்றோரிடம், "எப்படிச் செய்தாய்?" என்று கேட்பதற்குப் பதில் "முதலில் என்ன நினைத்தாய்?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரே வருடத்தில் மாற்றம் தெரியும். கோணலான பாலத்தைக் காட்டி, "இது மூணாவது பாலம், முதல் ரெண்டும் விழுந்திடுச்சு" என்று பிள்ளை பெருமையாகச் சொல்வதைப் பெற்றோரும் ரசிக்கப் பழகுவார்கள்.

பாலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. செலவே இல்லாத நாள் ஒன்று வேண்டுமானால் ஆளுக்கொரு ஏ4 தாள் கொடுங்கள். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளி. தாளைப் பாலமாக வைத்து நட்டுகளை ஏற்ற வேண்டும், பசை கிடையாது. தட்டையாக வைத்த தாள் உடனே தொய்ந்துவிடும். விசிறி மடிப்பு மடித்ததும் அதே தாள் பல மடங்கு தாங்கும். மடிப்பைக் கண்டுபிடிக்கும் வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம்.

34 பேர், 40 நிமிடம் என்பது உண்மையான சிரமம். நான்கு நான்கு பேராகப் பிரித்தால் எட்டுக் குழு வரும், இரண்டில் மட்டும் ஐந்து பேர். சாமான் எடுப்பவர், கையால் செய்பவர், எண்ணுபவர், எழுதுபவர் என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் சுழற்றுங்கள். சுழற்றாவிட்டால் சுறுசுறுப்பான ஒருவனே எப்போதும் தொடுவான், கையெழுத்து நன்றாக உள்ள பெண்பிள்ளையே எப்போதும் எழுதுவாள். நான் பார்த்த வகுப்புகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது, தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். நேரம் போதவில்லை என்றால் நாம் வழக்கமாகப் பலி கொடுப்பது கடைசிப் பத்து நிமிடப் பேச்சைத்தான். அதை மட்டும் வெட்டாதீர்கள். செய்வதை இன்றும், பேசுவதை நாளை மொழிப்பாட நேரத்தில் பத்து நிமிடமும் வைத்துக்கொள்ளலாம். எழுதியதைப் படித்துக்காட்டுவது மொழிப்பாடமும்தான்.

தலைமையாசிரியரை ஒருநாள் பத்து நிமிடம் வந்து ஒரு குழுவோடு உட்காரச் சொல்லுங்கள். வாசலில் நின்று கேட்டால் சத்தம்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் "நீ லேட்டா ஆரம்பிச்சே", "இல்ல, நீ ரெண்டு தடவை எண்ணினே" என்ற வழக்கு காதில் விழும். குப்பைக்கு, மணி அடிப்பதற்கு ஆறு நிமிடம் முன்னால் கைவேலையை நிறுத்திவிடுவது ஒன்றே வழி. சுத்தம் செய்வதும் ஒரு சுழற்சி வேலையாக இருக்கட்டும்.

தள்ளி நிற்கும் அந்தக் குழந்தையை வற்புறுத்த வேண்டாம். சில பிள்ளைகளுக்குப் பசையும் ஈரமும் விரலில் பட்டாலே உடம்பு கூசும், சிலருக்குத் தப்பாகிவிடுமோ என்ற பயம். எது என்று தெரியும்வரை கடிகாரத்தை அவள் கையில் கொடுங்கள். நேரம் பார்ப்பவள் இல்லாமல் குழு நகர முடியாது, ஆகவே அவள் நடுவில்தான் இருப்பாள். ஈரமான வேலைக்கு ஸ்பூனோ குச்சியோ கொடுங்கள், கையுறை கேட்டால் கொடுங்கள். கூச்சம் சாப்பாடு, துணி என்று எல்லாவற்றிலும் இருந்தால் பெற்றோரிடம் மெதுவாகப் பேசிப் பாருங்கள். உலர்ந்த நட்டும் நூலும் என்பதால் ஊசல் இவளுக்கும் பொருந்தும். மூன்றாவது வாரம் யாரும் பார்க்காதபோது நட்டைத் தானே இழுத்துவிடுவாள் என்று நினைக்கிறேன். அப்படி நடந்தால் வகுப்பு முன் பாராட்டிவிடாதீர்கள், கண்டும் காணாததுபோல் இருந்துவிடுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் நான் கறாராக இருப்பேன். தீக்குச்சி உங்கள் கையை விட்டு நகரக் கூடாது. பட்டன் பேட்டரியும் சிறிய சக்திவாய்ந்த காந்தங்களும் வகுப்புக்குள்ளேயே வரவேண்டாம். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். இரண்டு காந்தங்கள் உள்ளே போனால் குடலைக் கவ்வி ஓட்டை போட்டுவிடும். எந்தக் குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத்தான். பல்ப் எரியவைக்க 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். அதிலும் பல்ப் இல்லாமல் வயரின் இரு முனையையும் பேட்டரியில் நேராகச் சேர்த்தால் வயர் சுடும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூதக்கண்ணாடி வெயிலுக்குப் போகும்போது நீங்கள் கூடவே போக வேண்டும். வினிகர் வேலைக்குக் கண்ணாடி மாட்டுவது நல்லது. பலூன் ரப்பர் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று முன்னமே விசாரித்துவிடுங்கள், இருந்தால் பலூனுக்குப் பதில் நெளியும் பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்டுக்குப் பதில் நூலால் கட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, வகுப்பு முன்னால் சோதனை சொதப்பிவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிச்சயம் நடக்கும். விதை முளைக்காது, பல்ப் எரியாது. "இப்படி வந்திருக்க வேண்டும்" என்று போர்டில் எழுதிப்போட்டு முடித்துவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். நடந்ததை நடந்தபடியே நோட்டில் எழுதவையுங்கள். "எனக்கும் காரணம் தெரியவில்லை, எதை மாற்றிப் பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் அதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்துக்கு எட்டுத் துண்டு நூலும் முப்பது நட்டும் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் வருவதற்கு முன் நீங்கள் தனியாக ஒருமுறை 25 சென்டிமீட்டர் கட்டி எண்ணிப் பாருங்கள். முடிந்தபின், அவர்கள் எழுதியதில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு தப்பான ஊகத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.